ஊரில் தண்ணீர் இல்லை, காலனியில்?

2024 டிசம்பர் 2-ஆம் தேதி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. புயல் போய்விட்டது என்று மக்கள் மூச்சுவிட்ட நேரம். அன்று அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலான தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. ஆறு கரை மீறியது. எங்கள் கைப்பேசிக்கு ஒரு கல்லூரி மாணவியிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"தோழர், காலனிக்குள்ள தண்ணி வந்துடுச்சு. இடுப்பு அளவு நிக்குது. பாட்டிய பள்ளிக்கூட மாடியில ஏத்திட்டோம். ஆடு ரெண்டும் போயிடுச்சு. யார்கிட்டயாவது சொல்லுங்க."

அந்த ஊராட்சியின் பொறுப்பில் இருந்தவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஊர்ல தண்ணி இல்லைங்களே. இப்பதான் குரூப்புல போட்டோ போட்டிருக்காங்க. தெருவெல்லாம் காஞ்சிதான் கெடக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. ஊர் மேட்டில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறவில்லை. அவர் பார்த்த வாட்ஸ்அப் குழுவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். காலனியிலிருந்து ஒருவர்கூட அதில் இல்லை. "ஊர் நிலவரம்" என்று அவர் மேலே அனுப்பிய தகவலில் காலனி இல்லை. வட்டாட்சியர் அலுவலகப் பட்டியலில் அந்த ஊராட்சிக்கு நேரே "பாதிப்பு இல்லை" என்று ஏறிவிட்டது.

தமிழில் நாம் சாதாரணமாகப் புழங்கும் "ஊர்" என்ற சொல்லுக்குள் ஒரு வேலி இருக்கிறது. "ஊரும் சேரியும்" என்று பிரித்துப் பேசியே பழகியவர்கள் நாம். வெயில் காலத்தில் அந்தப் பிரிவு அவமானம். வெள்ளக் காலத்தில் அது உயிர்ப் பிரச்சினை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகளில், ஊர்களின் வரி நீக்கிய நிலக் கணக்கில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வரிக் கணக்கில் தவறாமல் இடம்பெற்ற சேரி, இன்றைய வெள்ளக் கணக்கில் விடுபட்டுப் போகிறது.

சாட்சியம் என்று ஒரு வரைபடம்

பேரிடர் நேரத்தில் அரசு முதலில் அறிய வேண்டியது, இப்போது எங்கே என்ன நடக்கிறது என்பதை. எந்தத் தெருவில் தண்ணீர், எந்தப் பாலம் உடைந்தது, யார் கூரையில் நிற்கிறார்கள்? இது தெரியாவிட்டால் படகும் லாரியும் இருந்தும் பயனில்லை. முன்பெல்லாம் தலையாரி, கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், ஆட்சியர் என்று படிப்படியாகத் தகவல் ஏறும். இன்று பாதிக்கப்பட்டவரே தன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்ப முடிகிறது.

இதன் வலிமையை உலகம் பார்த்திருக்கிறது. 2007 டிசம்பரில் நடந்த தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் வன்முறை வெடித்தபோது, எங்கே தாக்குதல் நடக்கிறது என்று மக்கள் அனுப்பிய செய்திகளை இணைய வரைபடத்தில் குறிக்க இளைஞர்கள் சிலர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் உஷாஹிதி. சுவாஹிலி மொழியில் "சாட்சியம்" என்று பொருள். 2010 ஜனவரி 12 அன்று ஹைதியில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது அதே ஏற்பாடு அங்கும் பயன்பட்டது. 4636 என்ற எண்ணுக்கு மக்கள் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். செய்திகள் அவர்களுடைய கிரியோல் மொழியில் வந்தன. வெளிநாடுகளில் வாழ்ந்த ஹைதி மக்கள் அவற்றை மொழிபெயர்த்துக் கொடுக்க, தன்னார்வலர்கள் வரைபடத்தில் இடம் குறித்தார்கள். அதற்கு ஸ்மார்ட்போன் தேவைப்படவில்லை. சாதாரண பட்டன் போனும் தாய்மொழியும் போதுமாக இருந்தன.

2015-இல் சென்னை மூழ்கியபோது, தண்ணீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே இணைய வரைபடத்தில் குறித்தார்கள். ட்விட்டரில் உதவி கேட்டவரையும் உதவி செய்பவரையும் இளைஞர்கள் இணைத்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது அம்மாநில அரசே தன்னார்வலர்களோடு சேர்ந்து ஒரு மீட்பு இணையதளம் நடத்தியது. சிக்கிக்கொண்டவர்களின் இருப்பிடம் அதில் பதிவானது. படகுகளோடு மீனவர்கள் போய் மக்களை மீட்டார்கள்.

இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் இந்தக் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று நாம் கேட்க வேண்டும்.

சத்தம் வராத இடம்

2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியது. அந்தச் சில நாட்களில் 2 கோடிக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகள் வந்தன. பதிவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் மன்ஹாட்டன் பகுதிதான் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது என்று தோன்றும். அங்கேதான் ஸ்மார்ட்போனும் ட்விட்டரும் அதிகம். உண்மையில் கடும் அடி விழுந்தது பிரீசி பாயின்ட், கோனி ஐலண்ட், ராக்கவே போன்ற கடலோரப் பகுதிகளில். அங்கே மின்சாரம் போனது; கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தது; பதிவுகள் குறைந்தன. அதிகம் அடிபட்டவரின் குரலே குறைவாகக் கேட்டது.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. 2015-இல் சென்னைக்கு முன்பே மூழ்கியது கடலூர் மாவட்டம். நவம்பர் 9-ஐ ஒட்டிய ஒரே நாளில் நெய்வேலியில் 40 செ.மீ.க்கும் அதிகமான மழை கொட்டியது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் காட்டாற்று வெள்ளம் உயிர்களை அடித்துக்கொண்டு போனது. ஆனால் நாடு முழுவதும் கைப்பேசித் திரைகளில் வெள்ளம் பேசுபொருளானது டிசம்பர் 1-க்குப் பிறகு, சென்னை மூழ்கியபோதுதான். கடலூருக்குள்ளும் ஓர் இடைவெளி இருந்தது. நிவாரண வண்டிகள் சாலையோரத்தோடு நின்றதையும், உள்ளே இருந்த தலித் குடியிருப்புகளுக்குப் பொருள் போய்ச் சேராததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. 2004 ஆழிப்பேரலையின்போது நாகை மாவட்ட முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பல இடங்களில் கைப்பேசி சமிக்ஞையும் இல்லை. வாட்ஸ்அப் அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குப் பின்னால் கூரை இழந்த குடும்பங்கள் இருந்தன.

எனவே பேரிடர் நேரத்தில் தகவல் வராத இடத்தைப் "பாதிப்பு இல்லாத இடம்" என்று எழுதுவது தவறு. தகவல் வராத இடத்துக்குத்தான் முதல் ஆள் போக வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் இந்த ஒரு விதியைச் சுவரில் எழுதி வைத்தால் போதும். பல உயிர்கள் தப்பும்.

எங்கள் தவறு

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லி முடித்துவிட எங்களால் முடியவில்லை. அந்த டிசம்பர் காலையில் நாங்களும் தவறு செய்தோம். அந்த மாணவி அனுப்பிய படத்தை முகநூலில் போட்டோம். "காலனியில் தண்ணீர், உடனே உதவுங்கள்" என்று எழுதி, ஊராட்சியின் பெயரையும் அவளுடைய கைப்பேசி எண்ணையும் சேர்த்தோம். சில மணி நேரத்தில் பல நூறு பேர் அதைப் பகிர்ந்தார்கள். உதவி வரப் போகிறது என்று நம்பினோம்.

வந்ததும் உண்மைதான், ஆனால் வேறு இடத்துக்கு வந்தது. அதே பெயரில் இன்னொரு வட்டத்தில் ஓர் ஊர் இருக்கிறது. உணவுப் பொட்டலங்களோடு கிளம்பிய இளைஞர்கள் அங்கே போய் நின்றார்கள். நாங்கள் வட்டத்தின் பெயரை எழுதவில்லை. தேதியும் நேரமும் எழுதவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகும் அந்தப் பதிவு சுற்றிக்கொண்டே இருந்தது; இன்னும் தண்ணீர் நிற்பதாக நினைத்து மக்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அதைவிடக் கொடுமை, அந்தப் பெண்ணின் எண்ணுக்கு நள்ளிரவில் வேண்டாத அழைப்புகள் வரத் தொடங்கின. கடைசியில் அவள் எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று. "விடுங்க தோழர், நல்லதுக்குதானே போட்டீங்க" என்றாள். நல்ல எண்ணம் அவளைப் பாதுகாக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் எல்லோரும் ஒரு காலனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரையில் எட்டு இருளர் குடும்பங்கள் இரண்டு நாளாக நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தன. அவர்களிடம் இருந்தவை இரண்டு பட்டன் போன்கள். இரண்டும் தண்ணீரில் போய்விட்டன. அவர்களைப் பற்றி யாரும் எந்தக் குழுவிலும் எழுதவில்லை. நாங்களும் எழுதவில்லை. இரண்டாம் நாள் மாலை அந்தப் பக்கம் மாடு தேடிப் போனவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. ஊர் எங்களை மறந்தது என்று நாம் கோபப்படுகிறோம். நம் கணக்கில் விடுபட்டவர்கள் யார் என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெயர் இல்லாத இடத்துக்கு வண்டி வராது

ஒரு வட்டத்தில் எத்தனையோ காலனிகள். உள்ளூரில் "காலனி" என்றால் புரியும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எந்தக் காலனி என்று எப்படிப் புரியும்? பல குடியிருப்புகள் இணைய வரைபடத்தில் இல்லவே இல்லை. ஊரின் பெயரோடு நின்றுவிடுகிறது. 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவின் அடையாளமாகிவிட்ட சொல் போவது நல்லது, வரவேற்கிறோம். இந்தக் கட்டுரையில் நாங்கள் அச்சொல்லை எழுதுவதும் மக்கள் வாயில் இன்னும் அதுவே வழங்குவதால்தான். ஆனால் பெயர் மாறும் இடைக்காலத்தில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் கட்டுப்பாட்டு அறையின் பட்டியலில் இருக்க வேண்டும். மாணவி பழைய பெயரைச் சொல்ல, அலுவலர் புதிய பெயரைத் தேட, நடுவில் தண்ணீர் ஏறிவிடக் கூடாது.

பயமும் பொய்யும்

"படம் போட்டால் வழக்கு வருமா?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான பயம். கோரிக்கை வைத்ததற்கே வழக்கு வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் உள்ளன. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன், படுக்கை கேட்டு மக்கள் சமூக ஊடகங்களில் எழுதியபோது, அப்படிக் குறை சொல்பவர்களை ஒடுக்கினால் அது நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 30 அன்று எச்சரித்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 61-ஆம் பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் சாதி, மதம், பாலினம், பிறப்பு வழியாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. நம் குடியிருப்புக்கு வண்டி வரவில்லை என்று எழுதுவது உரிமை.

அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். பேரிடர் பற்றிப் பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். "அணை உடைந்தது" என்ற ஒரு பொய், ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வைக்கும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். பார்க்காததை அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு போட்டுக் கேளுங்கள்.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது நமக்குத் தெரியும். அதற்கு முன்பே நம் குடியிருப்புகளில் செய்யக்கூடியவை சில உண்டு. பெரிய செலவு இல்லை.

முதலில், ஒவ்வொரு குடியிருப்பிலும் தகவல் சொல்ல இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்ட பகல் வேளையில் வீட்டில் இருப்பது பெண்களும் முதியவர்களும்தான். பல வீடுகளில் இருக்கும் ஒரே கைப்பேசியும் ஆணோடு போய்விடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, செய்தியில் ஆறு விவரம் இருக்க வேண்டும்: தேதியும் நேரமும், குடியிருப்பின் முழுப் பெயர், ஊராட்சியும் வட்டமும், தண்ணீர் எவ்வளவு உயரம், எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள், அவர்களில் கர்ப்பிணி, நோயாளி, முதியவர் எத்தனை பேர். வாட்ஸ்அப்பில் வழக்கமாக அனுப்பும் படத்தில், அது எடுத்த இடமும் நேரமும் அழிந்துபோகும். ஆகவே எழுத்தில் சொன்னால்தான் உண்டு. உதவி கிடைத்துவிட்டால் "உதவி வந்துவிட்டது" என்று அதே பதிவில் எழுதுங்கள். தனி நபரின் எண்ணைப் பொதுவெளியில் போடாதீர்கள். அமைப்பின் எண்ணைப் போடுங்கள்.

குழுவில் போட்டால் அரசுக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மூடிய குழுவில் கிடக்கும் செய்தி கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது. மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. முதலில் அங்கே அழைத்துச் சொல்லுங்கள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பொதுப் பதிவு போடுங்கள். நாளை நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால், அந்தக் குறிப்பேடுதான் நம் சாட்சியம். அரசின் டிஎன் அலர்ட் செயலி உள்ளவர்கள் வரும் எச்சரிக்கையைப் பட்டன் போன் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் இடம் சேர்க்கலாம். உங்கள் குடியிருப்பு, அங்கன்வாடி, மாடி உள்ள பள்ளிக்கூடம், சுடுகாட்டுப் பாதை, மழையில் மூழ்கும் தரைப்பாலம் எல்லாவற்றையும் குறியுங்கள். கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பள்ளிச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் அந்த இரண்டு எண்களைக் குறுஞ்செய்தியில் அனுப்பலாம். எந்த ஊர்க்காரருக்கும் நாம் எங்கே இருக்கிறோம் என்று புரிந்துவிடும்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. ஊராட்சிக்கு ஒரு வரி எழுதும் பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி வரியில் நிலவரம் எழுதுங்கள். ஒவ்வொரு ஊராட்சியின் அதிகாரப்பூர்வக் குழுவிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளின் ஆட்கள் கட்டாயம் இருக்கட்டும். தகவல் வராத குடியிருப்புக்கு நேரில் ஆள் அனுப்புங்கள்.

அந்த மாணவி இப்போது தன் குடியிருப்பின் வீடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஏரிக்கரைக்கும் போய், அந்த எட்டு வீடுகளைக் குறித்துவிட்டு வந்தாள். அந்த இடத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்று அங்கிருந்த பெரியம்மாவிடம் கேட்டாளாம். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, கண்ணு" என்றாராம் அவர். எட்டுக் குடும்பமும் கூடிப் பேசி ஒரு பெயர் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மழைக்குள் அந்தப் பெயர் 1077-இல் எடுப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.